ஆளுக்குப் பாதி

பேசக்கூடாது, காலின்மேல் கால் போடக்கூடாது, முதுகை நாற்காலியில் நல்லாச் சாய்த்துக்கொண்டு கையை மேசைமேல் மல்லாக்க வைத்துக்கொள்ள வேண்டும், மனசில் எதையும் போட்டு உழப்பக்கூடாது என்று சொல்லிவிட்டுத் திரைத்துணியை இழுத்துவிட்டுப் போனாள் பியூலா சிஸ்டர். மற்றதெல்லாம் சரி. வாயை மூடு என்றால் மூடலாம், காலை இறக்கு என்றால் இறக்கலாம். மனசை என்ன, அவிழ்த்துக் கொடியில் காயப்போட்டுவிட்டா உட்கார முடியும்? முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் முன்னால் பார்த்தபோது பிரஷர் ஏறிக் கிடந்ததாம். எவ்வளவு என்று கேட்டதற்குச் சிஸ்டர் கணக்கைச் சொல்லவில்லை. “பஸ்ல நின்னுக்கிட்டே வந்தீங்களா? அந்தப் படபடப்பா இருக்கும். செத்த நேரம் சும்மா இருங்கம்மா, திரும்பப் பாக்கலாம்” என்றாள். சும்மா. அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நினைவு தெரிந்த நாளாகப் பீடி சுற்றுகிறவளுக்குச் சும்மா இருப்பது எப்படியென்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மல்லாக்க வைத்த கையில் பெருவிரல் தானாகவே போய் ஆள்காட்டி விரலை உருட்டியது. இலையுமில்லாமல் தூளுமில்லாமல் ஒரு பீடி சுற்றி முனையை மடக்கியும் முடித்தாள். சவம், இதுக்கும் பிரஷர் ஏறுமோ என்னவோ என்று விரலை நிறுத்தினாள். நிறுத்தினால் கால் பெருவிரல் ஆட ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டைத் தாண்டி மூலையில் இருக்கிற அறை அது. வாசலில் ஆராய்ச்சிப் பிரிவு என்று எழுதியிருக்கும். மாசமாக இருக்கிறவர்களுக்குப் பிரஷர் ஏன் ஏறுகிறது, வலிப்பு ஏன் வருகிறது, அப்படிப்பட்டவள் பெறுகிற பிள்ளை என்னாகிறது என்பதைப் பற்றியெல்லாம் ஆராய்ச்சி. எதிர்ச் சுவரில் ஒரு பிள்ளைப் படம். ரோஸ் கலரில், கொழுகொழுவென்று, பல்லில்லாத வாயைத் திறந்து சிரிக்கிறது. இந்தப் பக்கத்தில் அந்தக் கலரில் எவள் பெற்றாள்? பயந்துபோய் வந்து உட்கார்கிறவளைப் பார்த்து அது சிரிக்கிற சிரிப்பும் அதுவும். மேலே காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ‘டிக்’ என்றது. அந்த டிக்குக்காகக் காத்திருந்தால் மூச்சு நின்று நின்று வந்தது. வேண்டாம், அதையும் கேட்காதே. எதையும் நினைக்காதே. கோமுவை நினைக்காதே.

கோமுவை நினைக்காதே என்று நினைத்தவுடனே கோமு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். கோமு அவளுக்கு ஓரகத்தி. கொழுந்தன் துரைப்பாண்டியின் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் வயிறு. இவளுக்கு எட்டாம் மாசம், அவளுக்கு ஏழு. இவளுக்கு வலிப்பு வந்து முதல் பிள்ளை போனதால், அவள் வயிற்றில் இரட்டைப் பிள்ளை என்பதால், இரண்டு பேருக்குமே பிரஷர் ஏற வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி இரண்டு பேரையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் ஏமாற்றிச் சேர்க்கவில்லை. டாக்டர் அம்மா பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். எல்லாருக்கும் கொடுக்கிற வைத்தியம் உங்களுக்கும் உண்டு, அதில் ஒரு குறையும் வைக்கமாட்டோம், அதுக்கு மேலே இந்த மாத்திரை ஒன்று. பாதிப் பேருக்கு மருந்து உள்ளது, பாதிப் பேருக்கு மருந்து இல்லாதது, பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்குப் பிரஷர் ஏறாமல் இருக்கிறது என்று கடைசியில் பார்ப்போம். “அப்ப எனக்குள்ளது எது டாக்டர்?” “எனக்கும் தெரியாதும்மா.” “சிஸ்டருக்கு?” “அவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சா ஆராய்ச்சியே கெட்டுப்போகும்.” வருகிற வழியெல்லாம் கோமு பஸ்சில் சிரித்துக்கொண்டே வந்தாள். “யக்கா, ஒருத்தருக்கும் தெரியாதாம்ல! இதுக்கா அந்தம்மா இம்புட்டுப் படிச்சிருக்கு? தெரியாதுன்னு சொல்லதுக்கு நானே போதுமே.” முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டது. தெரியாதது. எதைக் கேட்டாலும் தெரியாதது. ஏன் வலிப்பு வந்தது என்று முதல் பிள்ளை போனபோது கேட்டதற்கும் சிலருக்கு வரும்மா என்றுதான் சொன்னார்கள். சிலருக்கு. அந்தச் சிலரில் இவளை எவன் கொண்டுபோய் நிறுத்தினான்? வலிப்பு வந்த அன்றைக்கு நடுப்பகல், முற்றத்தில் பீடிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள், கண்ணுக்கு முன்னால் மினுக்கு மினுக்கென்று என்னவோ பறந்தது. வெயிலில் மின்மினி ஏது? கையால் விரட்டினாள், போகவில்லை. அத்தை, இவள் மாமியார், பார்த்துவிட்டு, “பித்தம் அடிச்சிருக்கும், சுக்குத் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துக்கோ” என்றாள். குடித்தாள், படுத்தாள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். வயிறு வெறும் வயிறாகக் கிடந்தது. நாக்குக் கடிபட்டு வாயை அடைத்துக்கொண்டு வீங்கியிருந்தது. பெண்பிள்ளை என்று மட்டும் சொன்னார்கள். துணியில் சுற்றி இவள் வீட்டுக்காரன் கொண்டுபோய்விட்டான். தலையில் முடி இருந்ததா என்று கேட்கத்தான் அவளுக்கு ஆசை. நாக்கு புரளவில்லை. நாக்குச் சரியான பிறகு கேட்க வாய் வரவில்லை. அவன் இப்போது கேரளாவில் கம்பி கட்டுகிறான், போனில் சாப்பிட்டியா என்று கேட்கிறான், சாப்பிட்டேன் என்கிறாள், முடி இருந்ததா என்று கேட்காமலே வைத்துவிடுகிறாள்.

டிக். இதைப் போய் ஏன் நினைத்தேன்? இப்போது ஏறியிருக்கும். ஏறினால் கட்டிலைக் காட்டிவிடுவார்கள், படுத்துக்கொள்ளலாம், அது ஒன்றும் பயமில்லை, பயம் வேறே. முப்பிடாதி மூச்சை இழுத்து விட்டாள். நல்லதாக எதையாவது நினைப்போம். அந்தக் கத்தரியை நினைத்தாள். வேண்டுமென்று நினைக்கவில்லை, அதுவாக வந்தது. இலை வெட்டுகிற கத்தரி, பிடியில் துணி சுற்றியது, கோமு கையில் இருக்கிறது. ஆராய்ச்சி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்த முதல் நாள். சாயங்காலம் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோமு தன் அட்டையையும் இவள் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள், முகர்ந்து பார்க்கிறாள், நுனி நாக்கால் தொட்டும் பார்க்கிறாள். “ரெண்டும் ஒன்னுபோலத்தான் கசக்கு. யக்கா, எனக்குள்ளது மருந்தா இருந்து உனக்குள்ளது வெறும் மாவா இருந்துச்சுன்னா? நான் பாட்டுக்கு ரெண்டைப் பெத்து எடுத்துக்கிட்டு வந்து, நீ திரும்பவும்…” அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. கத்தரியை எடுத்தாள். ஒரு மாத்திரையை வைத்து நறுக்கென்று வெட்டினாள், பிறகு மற்றதையும். “ஆளுக்குப் பாதி. ரெண்டுல ஒன்னு மருந்துன்னா ரெண்டு பேருக்கும் சேரும்ல?” முறுக்கைப் பிட்டுக் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தாள். இதைவிடப் பெரிய நியாயம் உலகத்தில் உண்டா என்று முப்பிடாதிக்கு அன்றைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பங்கு வைக்கமாட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான், சாப்பாட்டுக்கு அப்புறம் கத்தரிச் சத்தம், ஆளுக்கு இரண்டு பாதி. இங்கே வரும்போதெல்லாம் பியூலா சிஸ்டர் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்பாள். எண்ணிக்கை எப்போதும் சரியாகவே இருக்கும். “எங்க ஆராய்ச்சியிலயே நீங்க ரெண்டு பேருந்தாம்மா ஒழுங்கு” என்று மெச்சுவாள். அதைக் கேட்டுக் கோமு இவள் இடுப்பில் இடிப்பாள். அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது இல்லை. பாதி மருந்து என்றால் பாதி வேலை செய்யுமா, இல்லை ஒரு வேலையும் செய்யாதா? பாதிப் பாலத்தில் ஆறு தாண்ட முடியுமா? கோமுவுக்கு வந்தது மருந்தாக இருந்து, அவளுக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டியதில் பாதியை நான் தின்றுவிட்டேன் என்றால்? அவளாகத்தானே தந்தாள். தந்தால் வாங்கிக்கொள்வதா? மூத்தவள் நீதானே. ஏட்டி இது தப்பு, கேட்டுக்கிட்டுச் செய்வோம் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா? தின்றாய். மாற்றி மாற்றி எந்தப் பாதி எதுவென்று தெரியாமல் தின்றாய். அந்த டாக்டர் அம்மா தெரியாது என்றபோதுகூட அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. நாங்கள் அந்தத் தெரியாததையும் கலக்கிவிட்டோம்.

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம். வந்துவிட்டாளா? இல்லை, வேறே யாரிடமோ பேசுகிறாள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இந்தக் கொஞ்சத்துக்குள் மனசைச் சமப்படுத்திவிட வேண்டும். காலையில் கோமு என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாள். அவளும் இன்றைக்கு இங்கே வந்திருக்க வேண்டியவள். வரவில்லை. “போனா, கால் வீங்கியிருக்கு அது இதுன்னு புடிச்சுப் படுக்க வச்சிருவாங்கக்கா. வெள்ளிக்கிழமை வளைகாப்பை வச்சுக்கிட்டு நான் ஆஸ்பத்திரியிலயா கிடக்க? கோமுவுக்கு ஜலதோசம், அடுத்த வாரம் வாரான்னு சொல்லிரு.” அவள் அம்மை வீட்டிலிருந்து ஆள் வருகிறது. இரட்டைப் பிள்ளை என்பதால் இரட்டை வளையல் என்று ஏற்கனவே பேச்சு. சீலை எடுத்தாயிற்று, அரக்குக் கலரில், கோமு அதைத் தோளில் போட்டுப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாயிற்று. சரி என்று முப்பிடாதி பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே கோமு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நெற்றியை அமுக்கிக்கொண்டே சிரித்தாள். “யக்கா, விடிஞ்சதுலேருந்து தலை ரெண்டாப் பொளக்கு. கண்ணு முன்னால என்னமோ மினுக்கு மினுக்குன்னு பறக்கு, பாத்துக்கோ. வளைகாப்புக்குச் சீரியல் லைட்டை இப்பவே போட்டுட்டாங்க போல.” அப்போது பஸ் ஆரன் கேட்டது. முப்பிடாதியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அதை நினைக்காதே. நினைக்காமல் இருக்க முடியவில்லை, அதே வார்த்தை, அதே இழுப்பு, யாரோ தொண்டைக்குள் உட்கார்ந்து பேசின மாதிரி: “பித்தமா இருக்கும், சுக்குத் தண்ணி குடி.” சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பஸ்சில் ஏறிவிட்டாள். எட்டு மாச வயிற்றோடு ஓடினாள். எதைப் பார்த்து ஓடினாள்? பஸ்சைப் பிடிக்கவா ஓடினாள்? உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்த மின்மினி என்னவென்று இவளுக்குத் தெரியாதா? அது மெய்யாக இருந்தால் அந்தப் பாதி மாத்திரை செய்த கேடும் மெய்யாகிவிடும் என்றுதான் பித்தம் என்றாள். பித்தமாக இருந்துவிடக்கூடாதா? எத்தனையோ பேருக்குப் பித்தம் வருகிறது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினதும் போன் போட்டுப் பார்த்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை. குளிக்கப் போயிருப்பாள். பின்வாசலில் இருந்திருப்பாள். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருப்பாள். அப்புறம் உள்ளே வந்ததும், “போனை ஆஃப் பண்ணிப் பையில வைங்கம்மா, மனசு அலையும்” என்றாள் சிஸ்டர்.

சொல்லிவிடலாம். சொன்னால் என்ன? இங்கே சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொன்னால் ஆம்புலன்ஸ் வண்டி போய்விடும். வண்டி போனால்? தெருவே வந்து நிற்கும். ஓலமிட்டுக்கொண்டு வண்டி வந்து, வளைகாப்புக்குப் பந்தக்கால் ஊன்றியிருக்கிற வாசலில், கோமுவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும். அப்புறம் ஒன்றுமில்லை, தலைவலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால்? கடைசியில் யார் சொல்லி வண்டி வந்தது? முப்பிடாதி சொல்லி. எந்த முப்பிடாதி? முதல் பிள்ளைக்கு வளையல் அடுக்க நாள் குறித்து, அந்த நாள் வருவதற்கு முன்னால் வெறும் வயிற்றோடு வந்தாளே, இந்த வயிற்றுக்கும் வேண்டாம் வேண்டாம் பயமா இருக்கு என்று அத்தை தடுத்துவிட்டாளே, அந்த முப்பிடாதி. பொறாமை என்பார்கள். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், தண்ணீர்க் குழாயில் இவள் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். ஏன், கோமுவே சொன்னாளே. போன வாரம், வளையலை இவ்வளவு அடுக்காக வேண்டாம், கை வீங்குது பாரு என்று இவள் சொன்னதற்கு வெடுக்கென்று திரும்பினாள். “உனக்கு நடக்கலன்னா எனக்கும் நடக்கக்கூடாதாக்கா?” சொன்னவள் அப்போதே வந்து கட்டிக்கொண்டு அழுதாள். நீ பேசினதை நான் எடுத்துக்கலட்டி என்று இவளும் சொன்னாள். எடுத்துக்கொள்ளாமல் இருக்க அது என்ன தட்டில் வைத்த வெற்றிலையா? உள்ளே போய்க் கிடந்தது. கிடந்ததா, அதுதான் காலையில் பித்தம் என்று சொல்லவைத்ததா? ஐயோ, அப்படியும் இருக்குமோ? என் வாய்க்குள் அத்தை இருந்தாளா, இந்தப் பேச்சு இருந்ததா? ஒருவேளை எனக்குள்ளே எங்கேயோ ஒரு மூலையில், கோமுவுக்கும் ஒரு தடவை தெரியட்டும் என்று… டிக். இல்லை. டிக். இல்லவே இல்லை. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டு விலாவில் ஒரு உதை விட்டது. நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்? நான் கேட்டேனா இந்த ஆராய்ச்சியை? எல்லாரும் என் கையையே பிடித்து அமுக்கிப் பார்க்கிறார்களே, அந்தக் கருவிக்கு ஒரு துப்பிருந்தால் எதற்கு ஏறியது என்று சொல்லவேண்டியதுதானே. ஏறியிருக்கு, இறங்கியிருக்கு, அதுதான் அதுக்குத் தெரியும். சுவரில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தது. அதன் தலையில் ஒரு முடி இல்லை.

திரை விலகியது. பியூலா சிஸ்டர் பட்டையை எடுத்து இவள் கையில் சுற்றி ஒட்டினாள். “இப்ப எப்படி இருக்கு? மனசு நல்லா அமர்ந்திருக்கும்ல?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள், “பேசாதீங்க, பேசாதீங்க” என்று பட்டனை அமுக்கினாள். காற்று ஏறியது. பட்டை கையை இறுக்கியது, இன்னும் இறுக்கியது, முழங்கைக்குள் நாடி கிடந்து துள்ளியது. நாக்கு பல்லுக்கு நடுவில் வந்து நின்றது. முப்பிடாதி அதை மெதுவாக அசைத்துப் பார்த்தாள். வீக்கம் இல்லை, ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருந்தது.

“சிஸ்டர்.”

“பேசாதீங்கம்மா. ரீடிங் தப்பா வரும்.”

“வரட்டும். கோமுவுக்குக் கண்ணு முன்னால மினுக்கு மினுக்குன்னு பறக்காம். விடிஞ்சதுலேருந்து தலைவலி. காலும் கையும் வீங்கிக் கிடக்கு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. ஜலதோசம்னு சொன்னேம்லா, அது பொய்.”

சிஸ்டர் பட்டனை இன்னொரு தடவை அமுக்கினாள். காற்று உஸ்ஸென்று இறங்கியது. “வீட்ல வேற யாரு இருக்கா?”

“அத்தை. அவங்க சுக்குத் தண்ணிதான் போடுவாங்க. சிஸ்டர், இன்னொன்னு. அந்த மாத்திரை… நாங்க வெட்டித்தான் தின்னோம். என்னுதுல பாதி அவளுக்கு, அவளுதுல பாதி எனக்கு. மொத நாள்லேருந்து.”

பியூலா சிஸ்டரின் முகம் ஒரு மாதிரி ஆனது. கோபம் வரும் என்று இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. நல்ல பிள்ளைகள் என்று மெச்சினதெல்லாம் அந்த முகத்தில் வந்து வந்து போனது. “அதைப் பெறகு பேசிக்கிடலாம்” என்றாள். சொல்லும்போதே நூத்தியெட்டுக்குப் போட்டுவிட்டாள். “வீடு எங்கன்னு சொல்லுங்க. நீங்க உங்க போன்ல அவங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க.”

“அம்மன் கோயிலுக்குப் பின்னால, தண்ணித் தொட்டிக்கு எதுத்தாப்பில. வாசல்ல பந்தக்கால் ஊனியிருக்கும்.” ஒரு கையில் பட்டை தொங்க, மறு கையால் பையைத் துழாவிப் போனை எடுத்து ஆன் பண்ணிக் கூப்பிட்டாள். அடித்தது. அடித்தது. அடித்து ஓயப்போகிற நேரத்தில் கோமு எடுத்தாள்.

“என்னக்கா… படுத்துட்டேன். வாந்தியா வருது.”

“கோமு. வண்டி வருது. அத்தையைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லு. நீ எந்திரிக்காத. இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படு.”

அந்தப் பக்கம் பாய் சரசரத்தது.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“மாத்திரையையுமா?”

“எல்லாத்தையும்.”

“நீ பாத்துக்கிட்டேதான இருந்த, எப்படா இந்த வளைகாப்பு நிக்கும்னு. பொறாமைக்காரி. இனிமே எம் மூஞ்சில முழிக்காத. உம் பிள்ளை எம் பிள்ளைன்னு இனி ஒரு பேச்சும் கிடையாது, கேட்டுக்கோ. சீலை எடுத்தாச்சு, எங்கம்மை ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு…” கோமுவின் குரல் குழறி, திரும்பத் தெளிந்து, திரும்பவும் ஏறியது.

முப்பிடாதி போனைக் காதோடு வைத்து அமுக்கிக்கொண்டாள். அந்தக் குரலில் எந்த வார்த்தை இழுபடுகிறது, எந்த வார்த்தை நேராக வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை.

“ஏசுட்டி. நல்லா ஏசு. போனை மட்டும் வச்சிராத. வண்டி வார வரைக்கும் ஏசிக்கிட்டே இரி.”